கயிற்றில் இல்லாத சேதி

மார்ச் 3

மச்சானுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். என் பெண்டாட்டி சமைத்துப் போட, உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுகிறவனுக்கு என்ன குறை இருக்கப் போகிறது?

உன் தங்கை பெட்டியோடு அங்கே வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. நாலு நாள் உன் முகத்தைப் பார்த்தால் சலித்துப் போய்த் தானே திரும்பி வருவாள் என்று இருந்தேன். வரவில்லை. அப்படியென்றால் நீதான் பிடித்து வைத்திருக்கிறாய். பிடித்துக்கொண்டு நிற்பதுதானே கப்பற்படையில் உனக்குக் கொடுத்த வேலை.

அவள் உன்னிடம் என்ன சொன்னாளோ, நான் நடந்ததைச் சொல்கிறேன். அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே அந்தப் பழைய இழுவைப் படகு போன மழையில் முழுகிவிட்டது. எத்தனை கப்பலை இழுத்து வந்த படகு அது. எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறதோ, புகைபோக்கி நிற்கிறதோ இல்லையோ என்று எனக்கு ஒரே நினைப்பு. வெளியூர்க்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிற கடையில் சிலிண்டர் கொடுத்தார்கள். இறங்கினேன். பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. சுக்கான் மண்ணுக்குள். புகைபோக்கி வாயில் ஒரு கிழட்டு மீன், வாடகை கேட்கிற வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஏறும்போது காதிலிருந்து கொஞ்சம் ரத்தம். மயக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. கைவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அதுதான் தப்பாகப் போயிற்று. வாசலில் நின்ற உன் தங்கை வண்டியைப் பார்த்ததும் வேறு என்னவோ நினைத்துவிட்டாள். நான் எழுந்து உட்கார்ந்து, "சாப்பாடு ஆயிடுச்சா?" என்று கேட்டேன். அதற்காகவா ஒருத்தி பெட்டி கட்டுவாள்?

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். பக்கத்துக் கடைத் தையற்காரர் எழுதுகிறார். நான் சொன்ன இரண்டு வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறார். எந்த வார்த்தைகள் என்று நீயே நினைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவளை ஏற்றி அனுப்பு.

உன் தங்கை புருஷன்


மார்ச் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தையற்காரருக்கு என் அனுதாபத்தைச் சொல்லவும்.

நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை. தங்கை வந்த அன்று ஒரு செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் வீட்டைக் கூட்டிப் பெருக்கினாள். அப்புறம் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இத்தன வருஷமா அவர் ஒவ்வொரு தடவ தண்ணியில எறங்கும்போதும் அவர் பொணத்த மனசுக்குள்ளயே தூக்கிப் போட்டாச்சு அண்ணே. இந்தத் தடவ கண்ணாலயே பாத்தேன். பொணம் எந்திரிச்சு சாப்பாடு கேக்குது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆமாம், பிடித்தேன். உங்கள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பத்தொன்பது வருடம் மேலே நின்று பிடித்தேன். ஒரே ஒரு நாள் விட்டிருந்தால் என் அம்மாவைப் பார்த்திருப்பேன்.

உங்கள் ஞாபகசக்தியை ஊரே மெச்சுகிறது; மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். நீங்கள் செப்புத் தலைக்கவசமும் ஈயச் செருப்புமாக, முழுகிய சரக்குப் படகின் மேல் வேலை செய்துகொண்டிருந்தீர்கள். வாயிற்காவலர் ஓடி வந்தார். அம்மாவுக்கு முடியவில்லை, மகனை உடனே வரச் சொல்கிறார்கள் என்றார். ஆஸ்பத்திரியின் மஞ்சள் சுவர் நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. நடந்தே போயிருக்கலாம். ஆனால் கயிற்றைப் பிடித்தவன், கீழே இருப்பவனின் கவசத்தைக் கழற்றும்வரை அதைப் பழகாத கையில் கொடுக்கக் கூடாது. கயிறு பழகிய இன்னொருவன் அன்று விடுப்பில் இருந்தான்.

நான்கு முறை இழுத்தேன். நான்கு இழுத்தால் மேலே வா என்று பொருள். நீங்கள் இரண்டு முறை இழுத்துப் பதில் சொன்னீர்கள். கயிற்றைத் தளர்த்து, இன்னும் போகணும் என்று பொருள். மறுபடி நான்கு. மறுபடி இரண்டு. அதற்கப்புறம், மனம் வந்தபோது, ஆடி அசைந்து ஏறி வந்தீர்கள். கவசத்தைக் கழற்றியதும், கயிறு கட்டுகிற எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயரோடு, உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "என்னடா முடிச்சு, உனக்கு என்ன அவசரம்?"

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். "கடைசி வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டிருந்தாங்க" என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

தங்கை திரும்பி வர வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் வைத்திருக்கும் முங்கு உடுப்பு, கண்ணாடி, கால்துடுப்பு எல்லாவற்றையும் விற்றுவிட்டு, இனிமேல் கடலில் இறங்க மாட்டேன் என்று எழுதிக் கைநாட்டு வைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கயிற்றுக்காரன்


மார்ச் 14

அடே முடிச்சு,

கைநாட்டா கேட்கிறாய்? தையற்காரர் இந்த வரியைப் படித்துக் காட்டும்போது தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இருக்கிற கூச்சம் உனக்கு இல்லை.

நான் கைநாட்டுதான். தரையில். தரையில் நான் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒருத்தன் மசிப்பெட்டியைத் தள்ளி, கட்டைவிரலைப் பிடித்து உருட்டுவான், நான் என்னவோ கைக்குழந்தை மாதிரி. தண்ணீருக்கு அடியில் யாரும் என்னைப் படித்திருக்கிறாயா என்று கேட்டதில்லை. கலங்கின தண்ணீரில் கையால் தடவியே எந்தக் கப்பலின் அடிவயிறு என்று சொல்வேன். கப்பலைத் தள்ளுகிற சுழலியில் சுற்றின கம்பிவடத்தை அறுத்திருக்கிறேன். பயிற்சியில் விட்ட டார்ப்பிடோ ஒன்று சேற்றில் கன்றுக்குட்டி மாதிரி படுத்துத் தூங்கியது. அதைத் தட்டி எழுப்பி மேலே அனுப்பியவன் நான். ஒரு சுறா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, கவசத்துக்குள் இருக்கிற முகம் பிடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறது. நீ மேலே நின்று கயிற்றில் ஈரம் பார்த்தாய். அவ்வளவுதான் நீ பார்த்த கடல்.

ஆடி அசைந்து வந்தேனாம். அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு நேரம் இருந்தவன் ஒரே மூச்சில் ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டி, முட்டி மடங்கி, ஆயுசுக்கும் நடக்க மாட்டான். தங்கித் தங்கித்தான் ஏறணும். எத்தனை நிமிஷம் எங்கே தங்கணும் என்று கடிகாரம் பார்த்து எனக்குக் கயிற்றில் சொன்னது யார்? நீ. நீ விடவில்லை, நான் ஏறவில்லை.

இன்னொன்றும் கேள். உன் அம்மா எனக்கு மாமியார். எனக்குப் பெண் கொடுக்க உன் வீட்டில் எல்லோரும் முகத்தைச் சுளித்தபோது, "தண்ணியில முங்கறவன் திருடமாட்டான்" என்று சொன்ன ஒரே ஆள். நான் கீழே நிற்கிறேன். கயிறு நாலு தடவை இழுக்கிறது. மேலே வா. எதற்கு? மழையா, அதிகாரி வந்திருக்கிறாரா, மதியச் சாப்பாடா? எல்லாவற்றுக்கும் அதே நாலு இழுப்புதான். அம்மா சாகிறாள் என்று சொல்ல ஒரு இழுப்பு உண்டா கயிற்றில்? இருந்தால் சொல். நான் இப்போதே கைநாட்டு வைக்கிறேன்.

அவளை அனுப்பு. வீட்டில் விளக்குத் திரி மாற்றக்கூட எனக்குத் தெரியவில்லை. இதை அவளிடம் சொல்லாதே.


மார்ச் 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன். விளக்கைப் பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன். உங்கள் கடிதம் எதையும் அவள் கையில் வாங்குவதில்லை; சமையற்கட்டு வாசலில் நின்று, நான் படிப்பதைக் கேட்கிறாள். அவள் கணவன் எழுதியது அவளுக்கும் தெரியட்டும் என்றுதான் படிக்கிறேன்.

ஒரு பக்கம் முழுக்கச் சுறாவும் கன்றுக்குட்டியும் ஓடுகின்றன. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. தங்கித் தங்கி ஏறுவது விதி என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் கேட்டது அதற்கு முந்தியது. நான்கு இழுத்தேன். நீ எதற்கு இரண்டு இழுத்தாய்? மறுபடியும் நான்கு இழுத்தேன். மறுபடியும் எதற்கு இரண்டு?

எனக்குத் தெரியும். அந்த வாரமே சாப்பாட்டுக் கூடத்தில், காரியம் முடிந்து ஈரத் தலையோடு நான் உள்ளே வந்தபோது, நீ மேஜையில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய். "இவ்வளவு அகலம்டா, திருக்கை! படகு மேல போர்வ போட்ட மாதிரி வந்து படுத்துச்சு. விட்டுட்டு வர மனசே வரல." எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நான் தட்டை வைத்துவிட்டு வெளியே போனேன். அடுத்த வாரமே வேறு படகுக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன்.

என் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நீ மீனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். இதற்குமேல் உன்னை 'நீங்கள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தங்கை வர மாட்டாள்.


மார்ச் 25

மச்சான்,

திருக்கையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

காற்றுக்குழாய் மாட்டிக்கொண்டது. படகின் தகடு ஒன்று பிய்ந்து வளைந்திருந்தது. அதன் இடுக்கில் குழாய் போய்ச் சொருகிக்கொண்டது. நீ மேலே இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. கவசத்துக்குள் காற்று குறைந்தது. கண்ணாடி ஆவியடித்துப் போயிற்று. நாலு இழுக்கிறான் படுபாவி, இன்னும் ஒரு தடவை இழுத்தால் குழாய் அறுந்துவிடும் என்று நினைத்தேன். அதனால்தான் தளர்த்து, தளர்த்து என்று இரண்டு இழுத்தேன். இரண்டாம் தடவை நீ தளர்த்தினாய். குழாயை உருவினேன். தளர்த்தாமல் இருந்திருந்தால் ஒரே நாளில் இரண்டு சாவு எடுத்திருப்பீர்கள்.

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த வருஷம் எனக்கு அது மூன்றாவது சிக்கல். முதலில் சங்கிலி, அப்புறம் வலை. எதுவும் என் தப்பில்லை, ஆனால் கப்பலில் அதை யார் பார்க்கிறார்கள்? "இன்னொரு தடவை மாட்டினால் உன்னைக் கரைவேலைக்குப் போடுவேன், ராசி இல்லாதவனை நான் இறக்க மாட்டேன்" என்று அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். கரைவேலை என்றால் கிடங்கு வாசலில் முக்காலி. நான் முக்காலிக்குப் பிறந்தவனா?

அதனால் திருக்கையைக் கொண்டுவந்தேன். நீ தட்டை வைத்துவிட்டுப் போனதையும் பார்த்தேன். பின்னாலேயே வந்து உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். நீ நேரே அதிகாரியிடம் போயிருப்பாய். என் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே போயிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இப்போது தெரிந்துகொண்டாய் அல்லவா? நான் மீன் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு தப்பும் செய்யாதவனைத் திட்டியிருக்கிறாய். இதையும் சமையற்கட்டு வாசலைப் பார்த்துச் சத்தமாகப் படி. படித்துவிட்டு அவளை அனுப்பு.


ஏப்ரல் 1

மாப்பிள்ளை,

முதலில் நம்பவில்லை. கிழவன் ஒரு குழாயை இப்போது செய்து மாட்டுகிறான் என்று நினைத்துக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நேற்று குளிக்கும்போது ஞாபகம் வந்தது. அம்மாவின் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, குழாய்களைக் கழுவிச் சுருட்டுவது என் முறை. ஒன்றில் ஒரு கை நீளத்துக்கு மேல்தோல் உரிந்து, உள்ளே துணி தெரிந்தது, துருவும் ஒட்டியிருந்தது. கிடங்குக்காரன் ஆணிமேல் தொங்கவிட்டிருக்கிறான் என்று அவனோடு சண்டை போட்டேன். பாவம், அந்த ஆள்.

ஆக, நீ சொல்வது நிஜம். இதனால் உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் மோசமாகிவிட்டது. நீ கீழே மூச்சு முட்டிக்கொண்டிருந்தாய். நான் மேலே நின்று, அம்மாவை நினைத்து, உன்னை நாசமாய்ப் போ என்று திட்டிக்கொண்டே இழுத்தேன். நான் இழுத்து, குழாய் அறுந்திருந்தால்? என் தங்கையின் தாலியை என் கையாலேயே அறுத்திருப்பேனே. அதையும் எனக்குச் சொல்லவில்லை நீ. கயிற்றைப் பிடிக்கிறவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய்?

சொன்னபடி சத்தமாகப் படித்தேன். நீ நினைத்தது நடக்கவில்லை. அவள் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே சொன்னாள்: "மீனப் பாத்துட்டு நின்னார்னு நெனச்சப்பகூட எனக்கு மனசு ஆறிடும் அண்ணே. வெளையாட்டுப் புத்தி, போய்த் தொலையட்டும்னு விட்டுருவேன். இது அப்படி இல்லயே. அண்ணன் வேணுமா, பொண்டாட்டி மனசு வேணுமா, தண்ணி வேணுமான்னு எடை போட்டுப் பாத்து, தண்ணிதான்னு எடுத்திருக்காரு. இத்தன வருஷம் என் பக்கத்துல படுத்துக்கிட்டு வாயத் தொறக்கல."

நீ குற்றமற்றவன் என்று காட்ட எழுதிய கடிதம் உன்னைக் கட்டிப் போட்டுவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அன்னிக்கு ஆஸ்பத்திரியில கெடந்தது நானா இருந்தா, அப்பவாச்சும் சொல்லியிருப்பாரா?"

யோசித்துப் பதில் எழுது. அவள் வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது.


ஏப்ரல் 6

மச்சான்,

தையற்காரர், "சொல்லியிருப்பேன் என்று எழுதிவிடுகிறேனே, அந்த அம்மா வந்துவிடுவார்களே" என்றார். ஊசியை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறார்.

சொல்லியிருக்க மாட்டேன்.

அவளுக்காகக் குழாயை அறுத்துக்கொண்டும் வந்திருப்பேன். தங்காமல் ஏறி முடமாகியிருப்பேன். கயிற்றில் அந்தச் சேதி இருந்திருந்தால் போதும். ஆனால் அதெல்லாம் முடிந்தபிறகு, ஏன் நேரமாயிற்று என்று கேட்டால், திருக்கை என்றுதான் சொல்லியிருப்பேன். மறுநாள் என்னை இறக்க மாட்டார்கள் என்கிற பயம் அவளுக்காகவும் போயிருக்காது. அப்படி ஒரு ஆள் நான். பொய் சொல்லி அவளை வரவழைத்தால், வந்து உட்கார்ந்து ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள்.

கடலில் இறங்க மாட்டேன் என்றும் எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் பொய்.

வீட்டில் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. நான் வெளித்தாழ்வாரத்தில் படுத்துக்கொள்கிறேன். வர வேண்டாம் என்றால் வர வேண்டாம். நீ அவளை நன்றாக வைத்துக்கொள். இதைக் கெஞ்சலாக எடுத்துக்கொள்ளாதே, நாயே. (எழுதுபவன்: கடைசி வார்த்தையை எழுதாவிட்டால் கடையைவிட்டுப் போக மாட்டேன் என்கிறார். மன்னிக்கவும்.)


ஏப்ரல் 11

மாப்பிள்ளை,

அவசரம். உன் கடிதத்தைச் சாயங்காலம் படித்தேன். 'சொல்லியிருக்க மாட்டேன்' என்ற இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னாள். மீதியை வேண்டாம் என்றாள். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். காலையில் பார்த்தால் ஆளைக் காணோம். பெட்டியும் இல்லை. என் நல்ல குடையும் இல்லை.

பஸ் நிலையத்தில் கேட்டேன், கோயில் பக்கம் பார்த்தேன், அவளுடைய பழைய சிநேகிதி வீட்டுக்கும் போய் வந்தேன். யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவள் இல்லை அவள். உன்னோடு இருந்து இருந்து சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்.

அங்கே வந்திருந்தால் உடனே எழுது. வராவிட்டாலும் எழுது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், நான் அங்கே வந்து, நீ இறங்கும் தண்ணீரிலேயே உன்னை அமுக்குவேன். எனக்கு நீந்தத் தெரியாது; பரவாயில்லை.


ஏப்ரல் 14

மச்சான்,

இங்கேதான் இருக்கிறாள். அலறாதே.

காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெளித்தாழ்வாரத்தில் சுருட்டி வைத்த என் படுக்கையைக் காலால் நகர்த்திவிட்டு உள்ளே போனாள். விளக்குத் திரியை மாற்றினாள். என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி, எதிரில் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"டீக்கடையில இருக்கறவன் எல்லாருக்கும் கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியும். எனக்கு உங்க ஈரத் துண்டு மட்டுந்தான் தெரியும்" என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லுங்க. ஒன்னு விடக்கூடாது. கத வேண்டாம், நடந்தது வேணும். எல்லாத்தையும் சொல்லி முடிச்ச அன்னிக்கு நீங்க கடலுக்குப் போங்க, நானே துண்டு எடுத்துத் தரேன். அதுவரைக்கும் காலு நனையக்கூடாது."

ஒரு வாரத்து வேலைதானே என்று நினைத்துச் சரி என்று தலையாட்டிவிட்டேன். தொலைந்தேன் மச்சான்.

நான் கப்பலில் பாத்திரம் கழுவச் சேர்ந்ததிலிருந்து தொடங்கினேன். தலைமைச் சமையற்காரனின் பெரிய அண்டா மூடி என் கையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது. கடலைவிட அவனுக்குத்தான் எனக்குப் பயம். குதித்தேன். மூடி இந்தப் பக்கம் விழுந்தது, அதைத் துரத்திக் கப்பலுக்கு அடியிலேயே போய் அந்தப் பக்கம் எழுந்தேன். தலையில் மூடி. அதிகாரி மேலேயிருந்து பார்த்து, "இவன யாருடா சமையக்கட்டுல போட்டது?" என்றார். இதை டீக்கடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சிரிப்பார்கள். இவள் சிரிக்கவில்லை. "கப்பலுக்கு அடியில போனப்ப மேல பாத்தீங்களா? என்ன கலர்ல இருந்துச்சு?" என்றாள்.

இதுவரை ஒருத்தன் என்னை அதைக் கேட்டதில்லை. பார்த்தேன். பச்சை இல்லை, கறுப்பும் இல்லை, கப்பலின் விளிம்பில் மட்டும் வெளிச்சம் கிழிந்து தொங்கியது. அதைச் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

சுருக்கினால், "அப்புறம்?" என்கிறாள். கொஞ்சம் பெருக்கினால், "அது திருக்கை மாதிரி இருக்கே" என்கிறாள். மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், எனக்கு ஒன்றுமே மறப்பதில்லை என்று இத்தனை காலம் பீற்றியவன் நான். இரண்டு நாளாகச் சொல்கிறேன், இன்னும் முதல் கப்பலை விட்டு இறங்கவில்லை. வாசலில் கடல் சத்தம் கேட்கிறது. தையற்காரரும் தைக்கிற துணியை எடுத்துக்கொண்டு கதை கேட்க இங்கேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். கப்பற்படையில் முப்பத்தொரு வருஷம் மச்சான். எனக்கு வயது எழுபத்தொன்று. நீ கடைசியில் கிடங்குக் கணக்கெல்லாம் பார்த்தவன், நீயே கூட்டிக் கழித்துப் பார். இந்தக் கால் இனிமேல் எப்போது நனைய?

உன் அம்மா போன நாள், நான் கவசம் மாட்டி இறங்கத் தொடங்கின பத்தொன்பதாம் வருஷத்தில் வருகிறது. அன்றைக்குக் கீழே நடந்ததை நான் சொல்லவேண்டுமாம், மேலே நடந்ததை நீ வந்து சொல்லவேண்டுமாம். அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

இந்த வேகத்தில் அந்த வருஷத்துக்கு வந்து சேர நாள் ஆகும். அதுவரை செத்துத் தொலையாமல் இரு.